யாழ்ப்பாணத்தில் கோச்சிங் தொடங்குகிறவருக்கு: முதல் பத்து வாடிக்கையாளர்

வங்கி வேலையை விட்டு மூன்றாம் மாதம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது அம்மாவின் சிநேகிதி ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, வேலையை விட்டிட்டியாம். இப்ப என்ன செய்யிறாய்?"

"கோச்சிங் செய்யிறன் அன்ரி."

"கோச்சியிலையோ? ரெயில்வேயில எடுத்திட்டாங்களோ?"

சந்தையில் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. கோச்சி என்றால் எங்களுக்கு யாழ்தேவி ரெயில். கோச் என்றால் கிரிக்கெட் பழக்குகிறவர். கோச்சிங் கிளாஸ் என்றால் ரியூசன். நான் செய்வதோ, ஒருவர் தன் பிரச்சினையைத் தானே யோசித்து முடிவெடுக்க உதவுவது. அது தெரியாமல் கோச்சிங் என்ற சொல்லைப் பெரிதாகப் போட்டு 500 விசிற்றிங் காட் அடித்து வைத்திருந்தேன். 400க்கு மேல் இன்னும் அலுமாரிக்குள் கிடக்கிறது. பின்பக்கத்தை வெறுமையாக விட்டது நல்லதாகப் போயிற்று, கடைக்குப் போகும்போது சாமான் எழுத உதவுகிறது.

கோச்சிங் பயிற்சிகளில் சொல்லித்தருவது பெரும்பாலும் ஒருவரையொருவர் தெரியாத பெருநகரத்துக்கான வழி: புதியவர்களைச் சந்தியுங்கள், அறிமுகமாகுங்கள், காட் கொடுங்கள். எங்கள் சிக்கல் அதற்கு மறுவளம். இங்கே சனத்துக்கு எங்களை அளவுக்கு மிஞ்சித் தெரியும். இன்னாருடைய மகள், இன்ன பள்ளிக்கூடம், ஏ.எல். பரீட்சையில் என்ன முடிவு வந்தது, ஏன் இன்னும் கலியாணம் சரிவரவில்லை, எல்லாம் தெரியும். நாங்கள் செய்கிற வேலை மட்டும் தெரியாது. தெரிந்த பிறகும் ஒரு பயம் இருக்கும்: இவளிடம் மனம் விட்டுக் கதைத்தால் அது எந்த வீட்டுக் குசினியில் போய் நிற்கும்? இந்த இரண்டுக்கும் மருந்து கண்டுபிடித்தால் வாடிக்கையாளர் வருவார்கள். கீழே எழுதுவதெல்லாம் அந்த இரண்டைச் சுற்றித்தான்.

ஒன்று முன்கூட்டியே: இதில் வரும் சம்பவங்களில் ஆளையும் ஊரையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப்போக விளங்கும்.

முதலில் ஒரு வசனம்

நீங்கள் செய்வதை ஒரே வசனத்தில், அந்த அன்ரிக்கு விளங்கும் தமிழில் சொல்லப் பழகுங்கள். "தனிநபர் ஆற்றலை வெளிக்கொணரும்" என்று தொடங்குகிற வசனங்களை எறிந்துவிடுங்கள். என்னுடையது பல தடவை அடித்து எழுதிக் கடைசியில் இப்படி வந்தது: "முதல்தரம் நாலு பேரை வைச்சு வேலை வாங்கிற பொறுப்புக்கு வாற ஆக்களோட இருந்து, அவையள் தங்கட பிரச்சினையைத் தாங்களே யோசிச்சு முடிவெடுக்க உதவுறன்." கோச்சிங் என்ற சொல்லே அதில் இல்லை. கேட்பவர் "அதுக்கு என்ன பேர்?" என்று கேட்டால் அப்போது சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி நிச்சயம் வரும்: "அப்ப நீங்கள் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுவியளோ?" இல்லை என்று சொல்லத் தயங்காதீர்கள். எங்கள் ஊரில் புத்திமதிக்குப் பஞ்சமே இல்லை. பெரியப்பாவிலிருந்து முச்சக்கரவண்டிக்காரர் வரை சும்மா தருவார்கள். குறுக்கே பேசாமல், தீர்ப்புச் சொல்லாமல், ஒரு மணித்தியாலம் ஒருவரைக் கேட்கிற ஆளைத்தான் காண முடியாது. விற்கப்போகிற பொருள் அதுதான்.

யாருக்கு?

"எல்லாருக்கும்" என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். நீங்கள் ஏற்கெனவே வாழ்ந்து பார்த்த இடத்திலிருந்து தொடங்குங்கள். தாதியாக இருந்தவருக்கு விடுதிப் பொறுப்புத் தாதியின் தலையிடி தெரியும். தகப்பனின் கடையைப் பொறுப்பெடுத்தவருக்கு, கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் அப்பா இன்னும் கல்லாவில் இருக்கும்போது மகன் எப்படி முதலாளி ஆவது என்ற வில்லங்கம் தெரியும். புலம்பெயர்ந்த நாட்டிலிருந்து திரும்பி வந்து தொழில் தொடங்குகிறவர்கள், சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்தும் இளையவர்கள், தொண்டு நிறுவனத்தில் திட்டப் பொறுப்பாளர் ஆனவர்கள் என்று இன்னும் பல வகையினர் இருக்கிறார்கள். எந்த வகையைத் தெரிந்தெடுத்தாலும் ஒரு சோதனை வையுங்கள். அந்த வகையில் உங்களுக்கு நேரே தெரிந்த, கட்டணம் கட்டக்கூடிய மூன்று பேரின் பெயரை இப்போதே எழுத முடிகிறதா? முடியாவிட்டால் வேறு வகையைப் பாருங்கள்.

பல்கலைக்கழக இறுதியாண்டுப் பிள்ளைகள் என்று பலர் தொடங்குவார்கள். நல்ல மனம்தான். ஆனால் அவர்களிடம் காசில்லை, பெற்றோர்தான் கட்டவேண்டும், அதில் ஒரு பொறி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கொப்பியில் 60 பெயர்

ஒரு கொப்பியை எடுத்து 60 பெயர் எழுதுங்கள். படித்த வகுப்பு, முதல் வேலை, கணவரின் அல்லது மனைவியின் வேலையிடம், கோயில், ஊர்ச் சனசமூக நிலையம், பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்கும் மற்றப் பெற்றோர், எல்லாம் சேர்த்துத்தான். இருபதில் நின்றுவிடும். பழைய மாணவர் சங்கத்தை நினையுங்கள், திரும்ப ஓடத் தொடங்கும். எங்கள் பள்ளிக்கூடங்களின் சங்கங்களுக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் கிளைகள் இருக்கின்றன. இவ்வளவு இறுக்கமான வலை பல பெருநகரங்களில் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

பிறகு கிழமைக்கு ஐந்து பேர் வீதம் தொடர்புகொள்ளுங்கள். விற்பதற்காக அல்ல, கேட்பதற்காக. நான் அனுப்புகிற வட்ஸ்அப் செய்தி அநேகமாக இப்படி இருக்கும்:

"வணக்கம் அண்ணை, சுகமோ? நான் பாங்க் வேலையை விட்டிட்டு இப்ப, புதுசா சுப்பர்வைசர், மனேஜர் ஆகிற ஆக்களோட வேலை செய்யிறன். உங்களுக்கு விக்கிறதுக்கு எழுதேல்லை. உங்கட இடத்தில அப்பிடிப் புதுசா வாற பொடியள் எதில கூடக் கஷ்டப்படுகினம் எண்டு உங்களுக்குத்தான் தெரியும். 15 நிமிசம் கதைக்கேலுமோ? வசதியான நேரத்தைச் சொல்லுங்கோ."

வயதில் மூத்தவர், முன்னாள் அதிபர், படிப்பித்த ஆசிரியர் என்றால் செய்தி வேண்டாம். எடுத்துக் கதையுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். "சேர், உங்களிட்ட ஒரு விசயம் கேட்கவேணும்" என்று தொடங்கினால் தேத்தண்ணி வரும், ஒரு மணித்தியாலக் கதை வரும், எழுந்து வரும்போது இரண்டு பெயரும் வரும். என் முதல் வாடிக்கையாளர் அப்படி ஒரு முற்றத்திலிருந்துதான் வந்தார்.

கதைத்த மறுநாள் ஒரு நன்றி வரி அனுப்புங்கள். அவர் சொன்னதில் ஒன்றை நீங்கள் பயன்படுத்தினால், ஒரு மாதம் கழித்து அதையும் சொல்லுங்கள். இந்த இரண்டாவது செய்தியை அனுப்புகிறவர் குறைவு. ஆட்கள் உங்களை ஞாபகம் வைத்திருப்பது அதனால்தான்.

சும்மா செய்யாதீர்கள்

தொடக்கத்தில் இலவசமாகச் செய்து பெயர் எடுக்கலாம் என்று நானும் நினைத்தேன். ஒரு மண்டபம் எடுத்து இலவசக் கருத்தரங்கு வைத்தேன். நாற்பது பேரளவில் வந்தார்கள். ரோல்ஸும் பிளேன்ரீயும் கொடுத்தேன். நல்ல பேச்சு என்றார்கள். ஒருவரும் திரும்ப வரவில்லை. ரோல்ஸ் எங்கே எடுத்தது என்று கேட்டு இரண்டு பேர் அழைப்பெடுத்தார்கள்.

சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின், அதாவது ஐ.சி.எஃப்.இன், ஏ.சி.சி. சான்றிதழை நோக்கிப் போகிறவர் என்றால் கட்டணம் வாங்க இன்னொரு காரணமும் உண்டு. 1995இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு முதல் நிலைச் சான்றிதழுக்கு 60 மணித்தியாலக் கோச்சிங் கல்வி, அனுபவமுள்ள கோச் ஒருவரிடம் பெறும் 10 மணித்தியால வழிகாட்டிக் கோச்சிங், 100 மணித்தியால அனுபவம் ஆகியவற்றைக் கேட்கிறது. அந்த 100இல் 75 கட்டணம் பெற்றதாக இருக்கவேண்டும். குறைந்தது 8 வாடிக்கையாளராவது வேண்டும். அடுத்த நிலையான பி.சி.சி.க்கு 500 மணித்தியாலம், அதற்கும் மேலான எம்.சி.சி.க்கு 2500. பயிற்சியைத் தொடங்க முன்னர் செய்தவை கணக்கில் வராது.

கட்டணம் எவ்வளவு என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. பண்டமாற்றும் சேரும். ஒரு வாடிக்கையாளர் எனக்குக் காசுக்குப் பதிலாகக் கறுத்தக்கொழும்பான் ஒரு கூடை தந்தார். அந்த ஒரு மணித்தியாலமும் என் பதிவேட்டில் இருக்கிறது, மாம்பழம் மட்டும் அன்றைக்கே முடிந்துவிட்டது.

ஆகவே முதல் பத்துப் பேருக்குக் குறைந்த கட்டணம் வையுங்கள், ஆனால் வையுங்கள். "இது என் தொடக்கக் கட்டணம், ஆறு அமர்வுக்கு இவ்வளவு, அதற்குப் பிறகு கூடும்" என்று முதலே சொல்லுங்கள். பதிவேட்டில் பெயர், தொடர்பு, தொடங்கிய நாள், மணித்தியாலம் எல்லாம் எழுதவேண்டும். ஐ.சி.எஃப். சரிபார்க்க நேர்ந்தால் காட்டவும் வேண்டியிருக்கும் என்பதால் அதற்கு வாடிக்கையாளரின் சம்மதத்தை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். பிறகு கேட்கப் போனால் "ஏன் பிள்ளை, ஆருக்குக் காட்டப் போறாய்?" என்று வரும்.

எங்கே ஆட்களைக் காண்பது

யாழ்ப்பாண வர்த்தக கைத்தொழில் மன்றத்தின் கூட்டங்கள், ரோட்டரி, லயன்ஸ் கழகங்கள், மென்பொருள்காரர் என்றால் யாழ் ஐ.ரி. ஹப் நடத்தும் நிகழ்வுகள். ஆண்டுத் தொடக்கத்தில் முற்றவெளிப் பக்கம் நடக்கும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி இன்னொன்று. அங்கே காட்சிக்கூடம் எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள். கூட்டம் குறைந்த முதல் நாள் முற்பகலில் போய், சொந்தத் தயாரிப்போடு நிற்கும் சிறு தொழில்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இதை எப்பிடித் தொடங்கினியள்? இப்ப எது நித்திரையைக் கெடுக்குது?" உங்கள் தொழிலைப் பற்றி அவர் கேட்டால் மட்டும் அந்த ஒரு வசனம். இலக்கத்தை வாங்கி இரண்டு நாளுக்குள் எழுதுங்கள்.

மார்ச் மாதத்தில் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் நடக்கிற, 1904இல் தொடங்கிய 'வடக்கின் பெரும் போர்' என்ற கிரிக்கெட் போட்டியையும், ஆடி ஆவணியில் 25 நாள் நடக்கும் நல்லூர்த் திருவிழாவையும் தனியாகச் சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருப்பவர் ஊருக்கு வரும் காலங்கள் அவை. அங்கே தொழில் கதைக்க வேண்டாம். தேர் இழுக்கிற இடத்தில் காட் நீட்டியவர் ஒருவரை எனக்குத் தெரியும், ஊர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது. முகம் காட்டுங்கள், சுகம் கேளுங்கள், "ஒரு நாள் ஆறுதலாகக் கதைப்பம்" என்று நாள் குறியுங்கள். கலியாணவீட்டுக்கும் இதே முறைதான். செத்தவீட்டில் அதுகூட வேண்டாம்.

வாய்

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

தொடங்கி ஒரு வருடத்தில் ஒரு கழகத்தில் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சு சுவையாக இருக்கட்டும் என்று ஓர் உதாரணம் சொன்னேன்: கடை வைத்திருக்கிற ஒருவர், அவருக்கும் தம்பிக்கும் கணக்கு வழக்கில் கதைபேச்சு இல்லை, இருவரும் எப்படித் திரும்ப மேசைக்கு வந்தார்கள். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, இருபது விநாடிக் கதை. தேத்தண்ணி இடைவேளையில் ஒருவர் பக்கத்தில் வந்து, "நீங்கள் சொன்னது அவரைத்தானே?" என்று சரியாகவே பெயரைச் சொன்னார். நான் "இல்லை இல்லை" என்றேன். அந்த "இல்லை"யிலேயே அவருக்கு உறுதியாகிவிட்டது.

அடுத்த அமர்வுக்கு வாடிக்கையாளர் வரவில்லை. தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை பிள்ளை" என்றார். அந்தக் குரலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அவர் போனது ஒரு நட்டம். அவருக்குத் தெரிந்த வியாபாரிகள் ஒருவர்கூட அதற்குப் பிறகு இரண்டு வருடம் என் பக்கம் வரவில்லை என்பதுதான் பெரிய நட்டம்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கிற ஒழுங்குகள் இவை. மேடையில் உதாரணம் வேண்டுமென்றால் என் சொந்தத் தோல்வியைச் சொல்வேன். அது நிறையவே கைவசம் இருக்கிறது. தெருவில், கோயிலில், கலியாணவீட்டில் வாடிக்கையாளரைக் கண்டால் நான் முதலில் சிரிக்கமாட்டேன், அவர் சிரித்தால் சிரிப்பேன். இதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் தலைக்கனம் என்று நினைப்பார். வாடிக்கையாளரோடு எடுத்த படம் ஸ்ரேற்றஸில் போடுவதில்லை. நான் அனுப்பும் நினைவூட்டலில் "நாளைக்கு 5 மணி" என்பதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. வீட்டில் போன் மேசையில் கிடக்கும், திரையில் வருவதை யாரும் வாசிப்பார்கள்.

முன்னர் சொன்ன பொறியும் இதுதான். மகனுக்காகத் தாய் காசு கட்டுவார். இரண்டாம் அமர்வு முடிந்த அன்று இரவே அழைப்பு வரும்: "என்ன சொன்னவன்?" நிறுவனம் கட்டினாலும் அதே கேள்விதான், குரல் மட்டும் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். தொடங்க முன்னரே மூவரும் ஒரு மேசையில் இருந்து கதைத்து, எது கட்டுபவருக்குத் தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். என் ஒப்பந்தத்தில் வந்தாரா, எத்தனை அமர்வு முடிந்தது, சேர்ந்து ஒப்புக்கொண்ட இலக்கு என்ன, இவை மட்டும்தான் இருக்கின்றன. உயிராபத்து, சட்டம் கட்டாயப்படுத்தும் சந்தர்ப்பம் இரண்டும் விதிவிலக்கு. இதற்கு உடன்படாத தாயிடம் காசை வாங்காதீர்கள். நான் ஒருவரைத் திருப்பி அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து அவரே தன் தங்கச்சியை அனுப்பினார்.

அனுப்பக்கூடியவர்களும் அனுப்பவேண்டியவர்களும்

ஒருவருக்குத் தலையிடி வரும்போது முதலில் யார் காதில் விழுகிறது என்று யோசியுங்கள். சிறு வியாபாரி என்றால் கணக்காளர், வங்கிக் கிளை முகாமையாளர், சட்டத்தரணி. உத்தியோகத்தர் என்றால் ஆளணிப் பிரிவில் இருப்பவர். அப்படி ஐந்து பேரோடு நெருங்கிப் பழகுவது ஐந்நூறு முகநூல் நண்பர்களைவிடப் பெறுமதி. அவர்களுக்கும் நீங்கள் ஆட்களை அனுப்புங்கள். ஆள் அனுப்புவதற்குக் காசு கைமாறினால் அதை வாடிக்கையாளருக்கு மறைக்கக் கூடாது. நான் அந்தப் பக்கமே போவதில்லை, ஒரு பெட்டி பனங்கட்டியோடு சரி.

எங்கள் மண்ணில் நீங்கள் கட்டாயம் ஆயத்தமாக இருக்கவேண்டிய ஒன்று. வேலையிட இலக்கைக் கதைக்க வந்தவர் மூன்றாம் அமர்வில் 2009ஐக் கதைப்பார். கிழமைக் கணக்காக நித்திரையில்லை, சத்தம் கேட்டால் உடல் நடுங்குகிறது, வாழ்ந்து என்ன பலன் என்கிறார் என்றால் அது எங்கள் வேலை இல்லை. கேள்வி கேட்டுத் தோண்டாதீர்கள். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. உளவள ஆலோசனைக்குச் சாந்திகம் என்ற நிறுவனம் இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். இந்த இடங்களில் யாரிடம் எப்போது போகலாம் என்பதை வாடிக்கையாளர் வர முன்னரே நேரில் போய் அறிந்து வையுங்கள்.

எங்கே இருந்து கதைப்பது

சிறிய விசயம் போல இருக்கும், ஆனால் ஆள் வருவதும் வராததும் இதில்தான் தங்கியிருக்கிறது. என் வீட்டில் தொடங்கினேன். அம்மா கதவைத் தட்டி வடை கொண்டுவந்தார், வந்தவரின் பேரனாரைத் தெரியும் என்றார். குளிர்களிக் கடையில் பின் மேசை என்றால் முன் மேசையில் அவருடைய மைத்துனி. பண்ணைப் பாலத்தில் விடியப்புறம் நடந்தபடி கதைக்கலாம் என்று பார்த்தால் யாழ்ப்பாணத்தில் நீரிழிவுள்ள அத்தனை பேரும் எதிரே நடந்து வருகிறார்கள். வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளே போதும், ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது ஒரு மாடிக் கட்டடத்தில் மணித்தியால வாடகைக்கு ஓர் அறை. கீழே பல் வைத்தியர், பக்கத்தில் மொழிபெயர்ப்பு நிலையம், மேலே ஆங்கில வகுப்பு. யார் எதற்கு ஏறுகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அப்படி ஒரு கட்டடத்தைத் தேடுங்கள். அதுவும் வேண்டாமென்றால் சூமில் கதைக்கலாம், ஆனால் அவரவர் வீட்டில் கதவு மூடுகிற அறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு.

முதல் சந்திப்பு 30 நிமிடம், இதற்கு மட்டும் கட்டணம் இல்லை. அதில் கோச்சிங் என்றால் என்ன என்று விளக்கம் வைக்காதீர்கள். செய்தே காட்டுங்கள். ஜோன் விட்மோர் பரப்பிய நான்கு படி போதும்: எங்கே போகவேணும், இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் கட்டணத்தைச் சொல்லிவிட்டு, "வீட்டை போய் யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று விடுங்கள். அந்த இடத்திலேயே ஓம் சொல்ல வைத்தவர்கள் அநேகமாக இரண்டாம் அமர்வுக்கு வருவதில்லை.

கடல் கடந்தவர்கள்

தமிழில் கதைக்கும் கோச் ஒருவரைத் தேடுகிறவர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வேலை பார்த்தாலும் மாமியாரோடு வரும் சிக்கலை ஆங்கிலத்தில் யோசிக்க முடியாது என்று ஒருவர் சொன்னார். நேரத்தைக் கவனியுங்கள். எங்களுக்குக் காலை 6.30 என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு, கோடையில் 9 மணி, குளிர்காலத்தில் 8 மணி. லண்டன்காரருக்கு வார இறுதிக் காலை 9 மணி என்றால் எங்களுக்குப் பிற்பகல் 1.30 அல்லது 2.30. மார்ச்சிலும் ஒக்டோபர், நவம்பரிலும் அவர்கள் மணிக்கூட்டை மாற்றும் கிழமைகளில் ஒவ்வோர் அமர்வையும் திரும்ப உறுதிப்படுத்துங்கள். லிங்க்ட்இன்னில் ஒரு சுத்தமான பக்கம், முகநூலில் இரண்டு நிமிடத்துக்கு உட்பட்ட தமிழ்க் காணொளி மாதம் இரண்டு, தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

கடல் கடந்தவர் என்பதற்காக வாயைத் தளர்த்தாதீர்கள். கனடாவில் சொன்னது கரவெட்டிக்கு வர வட்ஸ்அப்பில் எவ்வளவு நேரம் எடுக்கும்?

பணப் பக்கம் சுருக்கமாக: வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் தேவைப்படும், ஆகவே அவரை முதலில் பாருங்கள். தனியாக ஒரு வங்கிக் கணக்குத் திறவுங்கள், ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு கொடுங்கள், உள்ளூர்க்காரர் லங்கா கியூஆரிலும் கட்டலாம். பற்றுச்சீட்டில் "ஆலோசனைச் சேவை" என்று மட்டும் எழுதுங்கள்.

ஆறு அமர்வும் முடிந்த நாளில் ஒன்றே ஒன்று கேட்கலாம்: "இது ஆருக்கும் உதவும் எண்டு நினைச்சியள் எண்டால் என்ரை இலக்கத்தைக் குடுங்கோ. ஏன் வந்தனீங்கள் எண்டு சொல்லத் தேவையில்லை." அதற்கு மேல் நெருக்க வேண்டாம்.

போன வருடம் ஒரு கலியாணவீட்டுப் பந்தியில் என் முன்னாள் வாடிக்கையாளர் ஒருவர் எனக்கு நேரெதிரே இருந்தார். என்னை முன்பின் காணாதவர் போலப் பக்கத்தில் இருந்தவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். நானும் பாயாசத்தைப் பார்த்தபடி இருந்தேன். இரண்டு கிழமை கழித்து, தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு செய்தி:

"வணக்கம் அக்கா. உங்கட நம்பர் அத்தான் தந்தவர். என்னத்துக்குத் தன்னட்டை இருக்கு எண்டு கேட்டன், சொல்லேல்லை. எப்ப கதைக்கலாம்?"